பதினான்காம் பக்கம், மூன்றாம் வரி

புது மெஷினில் ஏற்றியதும்
அவன் பிறந்தான், ஓடினான், குழியில் விழுந்தான், செத்தான்.
என்டர் விசையிலிருந்து
விரலை நான் எடுப்பதற்குள் மூன்று முறை.

தொண்ணூற்றேழில், சுவர்ணபுரி மாடியில்,
இவ்வளவு அவசரம் இல்லை அவனுக்கு.
ஒரு குழியைத் தாண்டுமுன் மூச்சிழுப்பான்.
நாங்களும் இழுப்போம், நானும் ஜெயராணியும்,
ஏழரை மணி பேட்ச் செருப்பு மாட்டிக்கொண்டு போனபின்
ஒரே கீபோர்டில்.
அம்புக்குறிகள் எனக்கு, தாவும் விசை அவளுக்கு.

அந்த ஆட்டத்துக்கென்று தனியாகக் கடிகாரம் கிடையாது.
மெஷினின் நாடி பார்த்துத்தான் காலெடுத்து வைக்கும்.
நாடி இன்றைக்கு எங்கேயோ போய்விட்டது.
பழைய மெஷினாய் நடிக்கும் மென்பொருள் ஒன்றை இறக்கி
அதன் காதைத் திருகினேன்.
மூவாயிரம் சுற்று. இன்னும் குறை. இரண்டாயிரத்து நானூறு.
ஏற்காட்டிலிருந்து இறங்கும் பஸ்ஸை
இருபது கொண்டை ஊசியிலும்
இரண்டாம் கியரில் டிரைவர் பிடித்துவைப்பதுபோல.
ஓடத் தெரிந்ததற்கு நடக்கச் சொல்லிக்கொடுப்பது
லேசான வேலையில்லை.

நடந்தான்.
அப்போதுதான் கேட்டது,
கேட்கும் என்பதையே மறந்திருந்தேன்:
கையேட்டில் பதினான்காம் பக்கம், மூன்றாம் வரி,
இரண்டாம் சொல் என்ன?

திருட்டுப் பிரதிக்காரர்களைப் பிடிக்க வைத்த கேள்வி.
நாங்கள் திருட்டுப் பிரதிக்காரர்கள்தாம்.
ஐந்து ரோட்டில் இரண்டு ஃப்ளாப்பி, எண்பது ரூபாய்.
கையேட்டை ஓர் இரவுக்கு மட்டும் இரவல் தந்தான் குலசேகரன்.
பீட்ரூட் நிறத் தாளில் கறுப்பெழுத்து.
ஜெராக்ஸுக்குள் போனால்
அமாவாசையாய்த்தான் வெளியே வரும்.
ஜெயராணி உட்கார்ந்து
இருபத்திரண்டு பக்கத்தையும் கையால் எழுதினாள்,
வரி மாறாமல், நீள வரவுசெலவு நோட்டில்.
நான் பக்கத்தில் தூங்கினேன்.
கொசுவர்த்தி ஏற்றியது நான்தான் என்று
பிற்பாடு பலரிடம் சொல்லியிருக்கிறேன்.

சென்டரை மூடியபோது பாகம் பிரித்தோம்.
நாற்காலி ஆளுக்கு நாலு.
பிரிண்டருக்காகப் பேசிய பேச்சை இங்கே எழுதமாட்டேன்.
மெஷின் எனக்கு, நோட்டு அவளுக்கு.
பூட்டு ஒரு வீட்டில், சாவி ஒரு வீட்டில்
இருபத்தாறு வருஷம்.

நம்பர் என்னிடம் இருந்தது.
எப்போதும் இருந்தது.

நாகலூரில் ஏதோ பள்ளி அலுவலகத்தில் இருப்பதாகக் கேள்வி.
நான்காவது மணியில் எடுத்தாள்.
யாரென்று அவள் கேட்குமுன்
"பதினாலாம் பக்கம், மூணாவது வரி, ரெண்டாவது வார்த்தை"
என்றேன்.
அங்கே ஒரு குக்கர் விசிலடித்தது.
யாரோ குடையை உதறினார்கள்.
தாள் புரளும் சத்தம் எதுவும் இல்லை.
"லாந்தர்" என்றாள்.
பிறகு, வகுப்பெடுக்கும் அதே குரலில்,
எல், ஏ, என், டி, ஈ, ஆர், என்.

கதவு திறந்தது. படியில் நின்று அவன் மூச்சிழுத்தான்.

"மெதுவா ஓடுதா?"
"ஓட வச்சேன்."
"ரெண்டாவது குழி தாண்டினதும் தரை உடையும், நிக்காத."

தெரியும் என்று சொல்ல வாயெடுத்தேன்.
எங்கே தெரியும்,
தாவும் விசையை ஒருநாளும் நான் தொட்டதில்லையே.
விழுந்தேன்.

சிரித்தாளா, சிக்னல் போனதா,
அந்த மலையில் இரண்டும் ஒரே மாதிரிக் கேட்கும்.

பிரிண்டரைப் பற்றி இருவருமே பேசவில்லை.
அது என் பரணில்தான் இருக்கிறது, ரிப்பன் காய்ந்து.

ஆட்டத்தை மூடினேன். மறுபடி திறந்தேன்.
ஒவ்வொரு தடவையும் வேறு பக்கம் கேட்பது அதன் வழக்கம்.
ஒன்பதாம் பக்கம், ஏழாம் வரி, முதல் சொல்.

மணி எட்டரை.
மேலே குளிர், சீக்கிரம் படுத்துவிடுவார்கள்.
கேள்வியை அப்படியே திரையில் விட்டுவிட்டு
சாப்பிடப் போனேன்.